நூறாவது அடுப்பு

2022 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். தூறல் அப்போதுதான் விட்டிருந்தது. மலை மேகத்துக்குள் இருந்தது. தீபாவளி முடிந்து ஆறாம் நாள். தெருவெல்லாம் நனைந்த வெடித்தாள். காலனியில் எத்தனை அடுப்பு எரிகிறது என்று எண்ண நான் புறப்பட்டது அந்த நேரத்தில்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, பெரிய ரோட்டை ஒட்டியது எங்கள் காலனி. அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடுகள். வீடு வந்ததே தவிர குழாயும் வரவில்லை, கழிவுநீர் போக வாறுகாலும் வரவில்லை. தண்ணீருக்கு ரோட்டைத் தாண்டி ஒரே ஒரு குழாய், எங்கள் வாசலிலிருந்து 412 எட்டு நடக்க வேண்டும். மகனுக்கு மில்லில் ஷிப்ட், எனக்கு முழங்கால் போய்விட்டது. மருமகள்தான் நாளுக்குப் பதினான்கு குடம் எடுப்பாள். போக வர இருபத்தெட்டு முறை அந்த ரோட்டைக் கடக்க வேண்டும். ஒரு தடவை லாரி உரசியது. நல்லவேளை, குடம் மட்டும் நெளிந்தது. அன்றிலிருந்து பதினான்காவது குடத்தை அவள் இறக்கும் சத்தம் கேட்கும் வரை என்னால் உட்கார முடியாது.

மேல்நிலைத் தொட்டி, வீட்டுக்கு வீடு குழாய், வாறுகால் எல்லாவற்றுக்கும் சேர்த்து மானியம் கேட்டு எங்கள் ஊராட்சி விண்ணப்பம் தயாரித்தது. அதில் ஒரு விதி. குறைந்தது நூறு குடும்பம் இருக்க வேண்டும். ஒரே கூரையானாலும் அடுப்பு வேறென்றால் குடும்பம் வேறு. மில் டைம் ஆபீசில் முப்பத்தொரு வருடம் ஆள் கணக்கு எழுதியவன் என்பதால் ஊராட்சித் தலைவரம்மா என்னை எண்ணச் சொன்னார்.

மூன்று முறை எண்ணினேன். தொண்ணூற்றொன்பது.

"நூறுன்னு போட்டுவிடுங்க பெரியப்பா. யாரு வந்து எண்ணப் போறா?" என்றார் தலைவர்.

"நான் எண்ணிட்டேனே தாயி."

"ஒண்ணுதான குறையுது!"

"அந்த ஒண்ணுதான் இல்லையே."

அவர் கோபமாகக் காகிதங்களை வாரிக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்தேன். மருமகள் பதினோராவது குடத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது. பின்னால், முன்பு ஆடு கட்டிய தகரச் சாய்ப்பு சும்மா கிடக்கிறது. அங்கே நான் தனியாகப் பொங்கித் தின்றால் நானும் ஒரு குடும்பம். பொய் எழுத வேண்டியதில்லை. மெய்யாகவே பொங்கினால் போதும்.

சொன்னதும் மருமகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் என்ன குறை வச்சேன் மாமா? குழம்புல உப்பு கூடிட்டா?"

"அதெல்லாம் இல்ல தாயி. தொட்டிக்காக."

"மாமனாரைத் தனியா பொங்க விட்டாங்கிற பேரு எம்புட்டுத் தண்ணி ஊத்துனாலும் போகுமா? எங்க அம்மா காதுக்குப் போச்சுன்னா நான் தொலைஞ்சேன்."

எங்கள் பக்கம் தகப்பன் தனியாக உலை வைத்தால் மகன் வெளியே தள்ளிவிட்டான் என்றுதான் பேசுவார்கள். காரணம் கேட்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ரோட்டைக் கடக்கும் அந்த இருபத்தெட்டு முறையும் தெரிந்திருந்தது.

அந்த வாரமே ராஜபாளையம் பஜாருக்குப் போனேன். ஒற்றை அடுப்பையும் சட்டியையும் எடுத்து வைத்ததும் பாத்திரக்கடை பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, இந்த வயசுல தனிக்குடித்தனமா? பொண்ணு எந்த ஊரு?"

விஷயத்தைச் சொன்னேன். சிரித்து முடித்து, கரண்டிக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார்.

முதல் நாள் சோறு அடிப்பிடித்தது, இரண்டு விரல்கள் வெந்தன. மருமகள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மதியம் சாய்ப்பு வாசலில் ஒரு மூடிய கிண்ணம் இருந்தது.

"குழம்பு வந்தா கணக்கு கெட்டுப்போகும் தாயி" என்றேன்.

"அப்ப பூனைக்கு ஊத்துங்க" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

ஊற்றவில்லை. விதியை எடுத்து மறுபடி படித்தேன். அடுப்பைப் பற்றித்தான் இருந்தது, குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பிறகு தினமும் கிண்ணம் வந்தது.

விண்ணப்பத்தில் நூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஓர் அதிகாரி சரிபார்க்க வந்தார். அன்றைக்கென்று வன்னியம்பட்டியிலிருந்து மருமகளின் சித்தி வேறு வந்திருந்தாள். அதிகாரி என் சட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, பெரியவர் தனியாத்தான் சமைக்கிறாரா?"

அவள் சித்தியைப் பார்த்தாள், பிறகு என்னை. இடுப்பில் அந்த நெளிந்த குடம் இருந்தது.

"ஆமா சார். அவிய தனிதான்."

"அடி பாதகத்தி! சொந்த வாயாலயே சொல்லுதாளே" என்று சித்தி கன்னத்தில் கை வைத்தாள். மருமகள் இடுப்புக் குடத்தோடு ரோட்டைப் பார்த்து நடந்தாள். ஒன்பதாவது குடம். சாயங்காலத்துக்குள் அவள் அம்மாவிடமிருந்து போன் வந்துவிட்டது. ரொம்ப நேரம் காதில் வைத்திருந்தாள். "இல்லம்மா" என்பதைத் தவிர அவள் வேறு எதுவும் சொல்லி நான் கேட்கவில்லை.

மானியம் வந்தது, தொட்டி எழும்பியது. நூறு என்று கையெழுத்துப் போட்டவன் இடையில் அடுப்பை அணைப்பது முறையில்லை என்று நான் நிறுத்தவில்லை. நான் தனி உலை வைத்த நானூற்றுப் பதினோராம் நாள் காலை எங்கள் வாசல் குழாயில் முதலில் காற்று சீறியது, பிறகு கலங்கலாக, பிறகு தெளிந்து தண்ணீர் வந்தது. மருமகள் நெளிந்த குடத்தைத்தான் முதலில் வைத்தாள். நிறைந்ததும் சாய்ப்புக்குத் தூக்கி வந்து என் முன்னால் இறக்கினாள். பன்னிரண்டு எட்டு. குனிந்து என் அடுப்பை எடுத்துக்கொண்டாள்.

"இது எதுக்கு இனிமே? உள்ள வாங்க மாமா, சோறு ஆறுது."

"நூறுல ஒண்ணு குறையுமே தாயி."

"குறைஞ்சா குறையட்டும். எங்க அம்மாவுக்கு இன்னைக்கே போன் போட்டு நீங்கதான் சொல்லணும்."

போன் போட்டுச் சொன்னேன், ஒன்பது நிமிடம்.

அடுப்பு 980, சிறிய சிலிண்டர் 1,250, சட்டி 310, தீப்புண் மருந்து 60, ஆறு முறை சிலிண்டர் மாற்றியது 3,180. அரிசியைச் சேர்க்கவில்லை, எங்கே இருந்தாலும் தின்றிருப்பேன். ஆக மொத்தம் ஐயாயிரத்து எழுநூற்று எண்பது ரூபாய்.