சிவப்புப் புள்ளி நண்டுகள்

நண்டுக்கு என்று சொல்லாமல்தான் அந்த நகப்பாலிஷை வாங்கினேன். சொல்லியிருந்தால் கடைக்காரப் பெண் சிரித்து இரண்டு வார்த்தையாவது பேசியிருப்பாள்.

கணவர் இறந்த மறு வருஷமே காரைக்காலிலிருந்து என்னைப் புதுச்சேரிக்கு மாற்றினார்கள். லாஸ்பேட்டையில் ஒரு மாடிப் போர்ஷன் பிடித்தேன். கீழ்வீட்டுக்காரர்களுக்கு என் வண்டிச் சத்தம் தெரியும். முகம் தெரியுமா என்பது சந்தேகம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் "வரேங்க" என்று சொன்னால், அதற்கடுத்து வாய் திறப்பது திங்கட்கிழமை வருகைப்பதிவு எடுக்கும்போதுதான். தனிமை பழகிவிடும் என்பார்கள். எனக்குப் பழகவில்லை. சொந்த ஊருக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று வந்த நாளிலிருந்து மாற்றல் கேட்டு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு உயிரினத் தொகை பாடம். ஓர் இடத்தில் எத்தனை விலங்குகள் என்று எப்படிக் கணக்கிடுவது? பிறந்ததையும் வந்து சேர்ந்ததையும் கூட்டு, செத்ததையும் வெளியேறியதையும் கழி. சரி, ஓடி ஒளிகிற பிராணியாக இருந்தால்? கொஞ்சத்தைப் பிடித்து, அடையாளம் வைத்து, விட்டுவிட வேண்டும். சில நாள் கழித்துக் கண்ணில் பட்டதையெல்லாம் பிடிக்க வேண்டும். அதில் எத்தனைக்கு ஒன்று அடையாளம் வைத்தது என்று பார்த்தால் மொத்தம் தோராயமாகத் தெரிந்துவிடும். கரும்பலகையில் எழுதினால் கொட்டாவி விட்டார்கள். வகுப்பில் பாதிப் பேர் மீன்பிடிக்கும் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுடைய குப்பத்து மணலுக்கே கூட்டிப் போனேன்.

வளை தோண்டும் சின்ன நண்டுகளை அவர்கள் பிடித்த வேகத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, மணலிலேயே ஓட விட்டோம். கடைசியில் பாட்டிலில் கொஞ்சம் மிச்சமிருந்தது. முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி, வாயாடி, கேட்காமலே என் கையைப் பிடித்துக் கட்டைவிரல் நகத்தில் பூசிவிட்டாள்.

"நீங்க தொலைஞ்சிட்டா நாங்க கண்டுபுடிக்கணும்ல மிஸ்."

அதட்டியிருக்க வேண்டும். என் கையை ஒருவர் தொட்டு எவ்வளவு நாளாயிற்று என்ற நினைப்பு வந்தது. கையை நீட்டிக் காய வைத்தேன்.

அடுத்த வாரம் மறுபடி போனோம். வாளி நிரம்பியதும் எட்டிப் பார்த்தேன். அத்தனை நண்டின் முதுகிலும் சிவப்புப் புள்ளி. அடையாளம் இல்லாதது மருந்துக்குக்கூட ஒன்று இல்லை. நாங்கள் புள்ளி வைத்ததைத் தவிர இந்தக் கடற்கரையில் வேறு நண்டே கிடையாது என்றது கணக்கு.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க? புள்ளி இல்லாததெல்லாம் எங்க?"

"ஓடிச்சு மிஸ், நாங்க வுட்டுட்டோம்," என்றாள் அந்த வாயாடி. "நம்ம நண்டு எந்த வளைல பூந்துச்சுன்னு போன வாரமே பாத்து வச்சிருந்தோம். தெரிஞ்சது எதிர்ல வந்து நிக்கும்போது அத வுட்டுட்டு வேற எதையோ புடிச்சா, அது என்னா நெனைக்கும்?"

எல்லோரையும் ஒரு பாட்டம் திட்டிவிட்டு, கடலைப் பார்க்கத் திரும்பி நின்றுகொண்டேன். வந்த சிரிப்பும் அழுகையும் அவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

அதே மாதம் மாற்றல் உத்தரவு வந்தது. ஆசிரியர் அறையில் வாழ்த்துச் சொன்னார்கள், கேசரி கொடுத்தார்கள். மனுவை வாபஸ் வாங்கலாமா என்று ஒரு ராத்திரி யோசித்தேன். இத்தனை நாள் கெஞ்சிவிட்டு இப்போது எந்த முகத்தோடு போய்க் கேட்பது? வீம்பு எனக்குப் புதிதல்ல.

கடைசி வகுப்பில் அந்த வாயாடி எழுந்தாள். "இங்கேர்ந்து போறத கழிச்சிடணும்னீங்களே மிஸ். அப்ப உங்கள?"

"கழிச்சிடணும்."

"அங்க சேத்துக்குவாங்கள்ல?"

"சேத்துக்குவாங்க," என்றேன். வகுப்பில் தெரிந்தே நான் தப்பாகச் சொன்ன விடை அது ஒன்றுதான்.

காரைக்காலில் இறங்கி, ஆட்டோவை அனுப்பிவிட்டு எங்கள் வீட்டுப் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். துரு. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். புதிதாகக் குடிவந்தவள் போல.

"யாருங்க வேணும்? அந்த வீட்டுல யாரும் இல்லைங்க."

தெரியும் என்றேன்.

உள்ளே போய்ப் பெருக்கித் துடைத்துக் குளித்தேன். வேலை ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும் நகவெட்டியைத் தேடி எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கட்டைவிரல் பாலிஷ் உரிந்து உரிந்து, நுனியில் ஒரு கீற்று மட்டும் இருந்தது. மற்ற ஒன்பது நகங்களையும் வெட்டினேன்.