பென்டிரைவும் அண்ணனும்

லிஃப்ட் மெக்கானிக்குகள் நடுவே அவனுக்குப் பென்டிரைவ் என்றுதான் பெயர். அவன் சாவிக்கொத்தில் சாவிகளைவிட பென்டிரைவ்களே அதிகம் தொங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு லினக்ஸ், அதாவது விண்டோஸ் மாதிரி கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள். காசு கொடுக்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் பிரித்து மேய்ந்து இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அதில் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. நம் ஆளுக்கு எதிலும் கால் தரிக்காது. ஒன்றைக் கணினியில் போட்டுவிட்டு, இனி சாகிறவரை இதுதான் என்று சத்தியம் செய்வான். அடுத்த மாதமே இன்னொன்று கண்ணில் படும், சத்தியம் காற்றில் பறந்துவிடும். வேலையில் மட்டும் ஆள் வேறு. ஓடுகிற லிஃப்டில் தேவையில்லாமல் கைவைத்த சகா ஒருவனுக்கு அவன் விட்ட டோஸ் அந்தக் கட்டிடம் முழுக்கக் கேட்டது.

தன் கணினியோடு நிறுத்திக்கொண்டிருந்தால் அவன் பாடு அவனோடு போயிருக்கும். மாடியில் குடியிருக்கும் அண்ணன் கணினியையும் அவன் விட்டுவைக்கவில்லை.

அண்ணன் பூகோள வாத்தியார். மூளையில் ரத்தக்குழாய் அடைத்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு திரும்பியது. எழுத்துகள்தான் மண்டைக்குள் ஏற முரண்டு பிடித்தன. அதனால் கணினியில் எல்லாவற்றையும் இடத்தை வைத்தே பழகினார். திரையின் கீழ்வரிசைப் படக்குறிகளில் கடைசியாக இருப்பது வரைபடங்கள். இடது கையால் மவுஸைப் பிடித்து அவற்றைத் திறந்து, காலி நாற்காலிகளுக்கு நதிகளையும் மலைகளையும் நடத்துவார். டாக்டர் சம்மதித்தால் பள்ளி திறந்ததும் வேலைக்குப் போய்விடலாம். அந்த ஒரு சம்மதத்துக்காகத்தான் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அவன் குணம் தெரிந்த அண்ணி முன்பே கறாராகச் சொல்லியிருந்தாள். "தம்பி, உங்க கம்ப்யூட்டர நீங்க என்ன வேணா பண்ணிக்கோங்க. அவரோடதுல மட்டும் கை வைக்காதீங்க. அவர் ஒண்ணு பழகறதுக்குள்ள எனக்கு உயிர் போய் உயிர் வருது."

"வைப்பேனா அண்ணி?" என்றான்.

வைத்தான். அவர்கள் பிசியோதெரபிக்குப் போயிருந்த ஒரு காலையில் கை நமநமத்தது. புது வகை சட்டென்று திறக்கிறது, பார்க்கவும் லட்சணம், அண்ணனுக்கு நல்லதுதானே என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான். கோப்புகளையெல்லாம் பத்திரமாக நகலெடுத்துத் திரும்ப வைத்தான். ஆனால் கீழ்வரிசை இடது ஓரத்தில் செங்குத்தாகப் போய் நின்றுவிட்டது. அதைச் சரிசெய்வதற்குள் வாசலில் வண்டிச் சத்தம். அண்ணி கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று, பழைய திரையில் பின்னணியாக இருந்த குடும்பப் புகைப்படத்தையே புதியதிலும் போட்டுவிட்டு நழுவினான்.

அந்தப் படம்தான் வினையாகிப் போனது. அண்ணன் வந்து உட்கார்ந்தார். படம் அதேதான், ஆகவே கணினியும் அதேதான். கை பழகிய இடத்துக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. எதையோ அழுத்தினார், எதுவோ திறந்தது, மூடத் தெரியவில்லை. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. அண்ணனைத் தாங்கி நடத்திக்கொண்டு போவது எப்போதும் தம்பிதான்.

"எனக்கு மறுபடி வந்துடுச்சுன்னு நினைக்கிறேன் டாக்டர்," என்றார் அண்ணன். "நேத்துலேருந்து எல்லாம் இடம் மாறித் தெரியுது. கம்ப்யூட்டர் அப்படியேதான் இருக்கு. என் தலைதான் சரியில்ல."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பென்டிரைவுக்குக் காது மடல் கொதித்தது. சாயங்காலமே பழையதைத் திரும்பப் போட்டுவிட்டால், தானாகத் தேறிவிட்டதாக அண்ணன் நினைத்துக்கொள்வார், யாருக்கும் தெரியவராது என்று மனம் கணக்குப் போட்டது. அப்படியொரு கணக்கு தனக்குத் தோன்றியதே என்று அந்த இடத்திலேயே கூசிப்போனான்.

"ஒரு ஸ்கேன் எடுத்துடலாம் சார்," என்றார் டாக்டர். "ஸ்கூலப் பத்தி இந்த வருஷம் யோசிக்க வேணாம்."

அண்ணன் தலையாட்டினார். ஒரு வகுப்பையே ஒற்றை அதட்டலில் அடக்குகிற மனுஷர், மடியிலிருந்து சரிந்த வலது கையை இடது கையால் தூக்கி மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான்தான் மாத்தினேன் டாக்டர்." பென்டிரைவின் குரல் அவனுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னான். "கம்ப்யூட்டர்ல வேற சிஸ்டம் போட்டுட்டேன். நிஜமாவே எல்லாம் இடம் மாறித்தான் இருக்கு. அண்ணிக்குத் தெரியக் கூடாதுன்னு அதே படத்த வெச்சேன்."

அண்ணி அவன் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். அண்ணன்தான் அவன் பக்கம் திரும்பினார்.

"அப்போ என் தலை சரியாத்தான் இருக்கா?"

"சரியாத்தான் இருக்குண்ணா."

அண்ணன் உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நல்ல கையால் தம்பியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல வேளை, நீதான்டா," என்றார். "நீதான் பண்ணியிருக்கே. ரொம்ப தேங்க்ஸ்டா."

பென்டிரைவால் அந்தக் கையிலிருந்து கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, தலையை நிமிர்த்தவும் முடியவில்லை.