செத்தல் மிளகாய்ப் புகை

அமெரிக்கப் பாலைவனத்துப் பழைய நகரமான சாந்தா ஃபேயில், சந்தை வாசலில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார்கள். நெடி மூக்கில் ஏறியதும் என் காது பெல்ட்டின் சத்தத்துக்குக் காத்திருந்தது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஒஸ்லோவின் ரொம்சோஸ் அடுக்குமாடியில், அடுத்த வீட்டுச் சுதனை, இன்றுவரை என் நண்பனை, அவன் அப்பா பெல்ட்டால் விளாசும்போதெல்லாம், அவன் அம்மா ஒரு சொல்லும் பேசாமல் செத்தல் மிளகாயை வெறுஞ்சட்டியில் கொட்டிக் கருகவிடுவார். புகை அலாரம் அலறும், நோர்வே அயலவர்கள் இருமிக்கொண்டே கதவை உடைப்பதுபோல் தட்டுவார்கள், அப்பா பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சிரித்தபடி திறப்பார்.

அந்தச் சமையலறை இப்போது வேறு யாருடையதோ. ஒஸ்லோவிலிருக்கும் சுதனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“இஞ்சை ரோட்டில மிளகாய் வறுக்கினமடா.”



“ஆருக்கு அடி விழுகுது?” என்று கேட்டான்.