அம்மா பானையைத் தொடாத வருசம்

இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில், வாட்டிய பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டே எதையும் பேசுவார்கள். போன மாசியில் ஒரு காலை, எழுபத்தைந்து வயது மார்கரெட், இன்னும் கொஞ்சம் ஜாம் கேட்பதுபோல, "எனக்கு இரத்தம் போகிறது, டொக்டருக்குச் சொல்" என்றார். நான் அவர் விரலைப் பார்த்தேன். கத்தி படவில்லை. "அங்கே இல்லை, கீழே. எல்லாம் நின்று இருபது வருடத்துக்கு மேல்" என்றார். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்த பழக்கம் விடுமா? தலையைக் குனிந்து, "ஸாரி மெடம், பொம்பளை ஆளை அனுப்புகிறேன்" என்று இரண்டடி பின்வாங்கினேன். எனக்குத்தான் மயக்கம் வருகிறதென்று நினைத்து மார்கரெட் நாற்காலி இழுத்துப் போட்டார்.

இலங்கையில் லிந்துலைப் பக்கத் தோட்டமொன்றில், எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். ஏ.எல். பரீட்சைக்குப் பயோ பாடத்தில் கருப்பையை வரைந்து அம்புக்குறி போட்டுப் பாகம் குறித்தவன். ஆனால் அம்மா மாதத்தில் மூன்று நாள் தனித்தட்டில் சாப்பிட்டு, சாமி படத்துப் பக்கம் போகாமல் இருந்தபோது ஏனென்று கேட்டதில்லை. கேட்காமல் தெரிந்துகொள்வதுதான் ஆம்பளைப் பிள்ளைக்கு அழகு! அதெல்லாம் நின்றதும் அம்மாவுக்கு ஒரு பதவி வந்தது. மாரியம்மன் திருவிழாவில் பொங்கல் பானையை அடுப்பில் ஏற்றுவது எங்கள் தோட்டத்தில் தீட்டு நின்ற பெண்களுக்கு மட்டுமே. ஆறு வருடமாக அம்மா கங்காணிபோல மிடுக்காக நடந்துபோய் ஏற்றினார்.

மார்கரெட்டை உடனே டொக்டரிடம் அனுப்பிய நர்ஸ், எனக்கும் பாடம் எடுத்தார். மாதவிடாய் ஒரு வருடம் நின்றபின் ஒரே ஒரு தடவை, ஒரு துளி பட்டாலும் காட்டிவிட வேண்டும். பெரும்பாலும் காரணம் சாதாரணமானதுதான். சில நேரம் அது கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம். ஆரம்பத்திலேயே பிடித்தால் குணமாக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அந்த வாரமே அம்மா வீடியோவில் வந்தார். எப்போதும் பின்னால் சாமி படம் தெரியும். அன்று தெரிந்தது வெளியே தண்ணீர் பிடிக்கும் பீலி.

"இந்த வருசம் பானைய ஒன் சித்தி தூக்கட்டும் தம்பி. எனக்கு முதுகு வலி."

"இருவது கிலோ கொழுந்து செமக்கிற முதுகுக்குப் பானை பாரமாம்மா?"

பக்கத்துக் கல்லில் அந்தப் பழைய தனித்தட்டு கவிழ்ந்திருந்தது.

"அம்மா… திரும்பப் படுதா?"

"அடி ஆத்தே! ஆம்பளப் புள்ள பேசுற பேச்சா இது? இதப் படிக்கத்தான் சீமைக்குப் போனியா?"

"எப்ப இருந்தும்மா?"

"தையில இருந்து… அப்பப்ப. மழ விட்டும் தூவானம் விடல, அவ்ளோதான். ஒன் சித்தி, 'வயசு திரும்புதுக்கா, இன்னொன்னு பெத்துக்க'ங்குறா."

சிரித்தேன். நர்ஸ் சொன்ன அந்த ஒரு துளி நினைவுக்கு வந்தது.

"தூவானம்னாலும் கூரை ஒழுகுதான்னு பாக்கணும்மா. நாளைக்கே போங்க."

டொக்டர் சிங்களவராம், ஆம்பளையாம், எப்படிச் சொல்வதாம். டொக்டரிடம் காட்டச் சொல்லி நானே சிங்களத்தில் மூன்று வரி எழுதிப் போனுக்கு அனுப்பினேன். ஆஸ்பத்திரிப் பெயரும் அதில் இருக்குமென்று நம்பி, நுவரெலியா பஸ்ஸில் அம்மா அதைக் கண்டக்டரிடம் நீட்டிவிட்டார். அவர் படித்துவிட்டு, அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்து, ஆஸ்பத்திரி வாசலிலேயே பஸ்ஸை நிறுத்தினாராம்.

ஸ்கேன் எடுத்தார்கள். கருப்பைக்குள் இருந்த சின்னச் சதை வளர்ச்சியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் இங்கே டீயில் உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். மார்கரெட் முகம் சுளிக்காமல் குடித்தார். அவருக்கு வந்தது வெறும் வறட்சிதான், களிம்பு கொடுத்திருந்தார்கள். கடைசியில் அம்மாவிடமிருந்தும் செய்தி வந்தது: "கெட்டது ஒண்ணும் இல்லையாம் தம்பி."

"இனி பட்டா?"

"மறுபடி காட்டணும், டொக்டர் சொல்லிட்டாரு. நீ ஒரு டொக்டரு, அவரு ஒரு டொக்டரு!"

தோட்டத்துத் தம்பிமாரே, உங்கள் அம்மா திடீரென்று சாமி படத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்தால், வெட்கத்தை ஓரம் வைத்துவிட்டுக் கேளுங்கள். திட்டு விழும். வாங்கிக்கொள்ளலாம்.

சித்திரைத் திருவிழாவன்று இல்லத்துச் சமையலறையில் மார்கரெட்டுக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். சீனி டப்பாவில் சாய்த்துவைத்த போனில், அம்மா பானையை ஏற்றினார். லயமே சுற்றி நின்றது. அந்தப் பானை எப்போது பொங்கி வழியும் என்று கண் காத்திருக்க, இந்தப் பால் பொங்கிவிடக் கூடாதென்று கை கரண்டியால் துழாவிக்கொண்டே இருந்தது.