பாவாடை தைக்க என்று வாங்கிய புடவைகள்

2006இல் நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் இறந்து ஒரு வருஷம் ஆனதும், சிதம்பரத்திலிருந்த மகன் அவரைத் தன்னோடு வந்துவிடச் சொன்னான். மகனுடைய வீடு சின்னது. அதனால் அக்கா கட்டில், கிரைண்டர், அண்டா குண்டா எல்லாவற்றையும் கூடத்தில் எடுத்துப் போட்டு, தெருவில் கேட்டவர்களுக்கு வந்த விலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் இட்லிக் குண்டான் வாங்கப் போனேன். பழந்துணி மூட்டையில் இரண்டு பட்டுப்புடவைகள் கிடந்தன. மடிப்புக்கு மடிப்பு கிழிந்திருந்தாலும் கரையில் சாண் அகலச் சரிகை. பழைய சரிகையில் வெள்ளியும் தங்கமும் இருக்கும், அதை எடைபோட்டு வாங்கக் கடை இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். என் அம்மாவின் கல்யாணப் புடவையை அப்படித்தான் விற்றிருந்தோம்.

“எங்கம்மாளுது. கட்டறதுக்கு ஆவாது, தொடைக்கத்தான் ஆவும்,” என்றார் அக்கா.

“எனக்குக் குடுங்கக்கா. பாப்பாவுக்குப் பாவாடை தைக்கலாம்.”

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. அவ்வளவு சுலபமாக வந்தது. அக்கா முகம் மலர்ந்து, காசு வேண்டாம் என்றார். நான்தான் நூறு ரூபாயை அவர் கையில் திணித்தேன். காசு கொடுத்துவிட்டால் அது வியாபாரம், வியாபாரத்தில் தப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் சாமான் ஏற்ற வண்டி வந்தபோது அக்கா என் வாசலுக்கு வந்து, கிளிப்பச்சை ஜாக்கெட் துணி ஒன்றை நீட்டினார்.

“பாவாடைக்கு எடுப்பா இருக்கும். பாப்பாவுக்குத் தச்சுப் போடு.”

அதையும் வாங்கிக்கொண்டேன்.

கடைக்காரர் சரிகையை உரைகல்லில் தேய்த்துப் பார்த்தார். கரையை மட்டும் கத்தரித்துக்கொண்டு மீதிப் பட்டுத்துணியைச் சாக்கில் தள்ளினார். நாலாயிரத்துச் சொச்சம் கிடைத்தது. மிக்ஸி வாங்கினேன்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு கல்யாணத்துக்காகச் சிதம்பரம் போனபோது கீழவீதியில் அக்கா எதிரே வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டதே அதைத்தான்.

“பாவாடை அளவு சரியா இருந்துச்சா?”

“அம்சமா இருந்துச்சுக்கா. பொங்கலுக்குப் போட்டுக்கினா.”

அதன் பிறகு என்னால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. அந்த வாரமே நாலாயிரத்தைப் புரட்டிக்கொண்டு, கீழவீதியில் பார்த்தபோது அக்கா சொல்லியிருந்த விலாசத்துக்கு பஸ் ஏறினேன். மகன் வீட்டு அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்காவின் எதிரே உட்கார்ந்து, சரிகை, கடை, விலை எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பணத்தைப் பார்க்கவே இல்லை.

“அப்போ பாவாடை தைக்கவே இல்லியா?”

“இல்லக்கா.”

“எங்கம்மா புடவைய உம் பொண்ணு போட்டுக்கினு ஓடியாடுதுன்னு மருமவகிட்டகூடச் சொல்லிக்கினு இருந்தேன்.”

நோட்டுகளை என் பக்கம் தள்ளிவிட்டார். காபி போட்டுக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்து மீதிக் கீரையை ஆய்ந்தார்.

“பஸ்ஸுக்கு நேரமாவுது பாரு,” என்றார்.

கடலூருக்கு அரை மணிக்கு ஒரு பஸ் உண்டு என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். மஞ்சக்குப்பத்தில் யார் வந்துபோனாலும் தெருமுனைவரை கூட வருகிறவர், அன்று அடுப்படியை விட்டு எழுந்திருக்கவில்லை.