உம்மா கேட்ட பெரிய டப்

1. வழி

வீட்டில் ஹாட் டப் பூட்ட வேண்டும் என்று வருகிறவர்கள் எல்லாரும் ஹீட்டரைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். கரண்ட் பில் எவ்வளவு வரும், தண்ணீர் சீக்கிரம் ஆறிவிடுமா, இதுதான் கவலை. டப் எந்த வழியால் உள்ளே வரும் என்று ஒரு ஆளும் யோசிப்பதில்லை. மாத்தளையில் இத்தனை வருடமாகப் பைப் வேலை செய்கிறேன், நான் முதலில் அளப்பது வழியைத்தான்.

நஸீர் முதலாளி வீட்டிலும் அப்படித்தான் டேப்பை எடுத்தேன். தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்பவர். அவருடைய உம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. சுடுதண்ணீரில் உட்கார்ந்தால் வலி குறையும் என்று டொக்டர் சொன்னாராம். இவர் ஏதோ ஹோட்டலில் டப்பைப் பார்த்துவிட்டு, "உம்மாக்கு அந்த மாதிரியே ஒன்னு பூட்டணும் பாஸ்" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். கெட்ட பிள்ளை என்று சொல்ல முடியாது.

வீடுதான் கெட்டுப்போயிருந்தது. வாப்பா போன பிறகு நஸீருக்கும் அவருடைய அண்ணன் ஹனீபாவுக்கும் தம்புள்ளைக் கடை யாருக்கு என்று சண்டை. இருந்த ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கிக்கொண்டார்கள். பெரிய வாசலும் ஹாலும் ஹனீபா பக்கம். நஸீர் பக்கத்துக்கு ஒடுங்கிய ஒரு நடை, அதுவும் குசினிக்குக் கிட்டப் போனதும் சட்டென்று திரும்புகிறது. உம்மாவின் அறை அதற்குப் பின்னால், கடைசியில்.

அறைக்கு வெளியே முற்றத்தில் டப்பை வைக்கலாம். கொங்கிறீட் தளம், தனி வயர், ட்ரிப் சுவிட்ச், தண்ணீர் வடிய கான், எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. பெரிய டப் மட்டும் அந்தத் திருப்பத்தில் திரும்பாது, நடுச்சுவரை உடைத்துப் பெரிய வாசலால்தான் வர வேண்டும். சின்னது என்றால் எப்படியாவது சரித்துக் கொண்டுபோகலாம். அதைச் சொல்லத்தான் அறைக்குள் போனேன்.

2. உம்மா

நஸீருக்கு போன் வந்து வெளியே போனார். உம்மா கட்டிலிலிருந்து கையைக் காட்டி என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"மகன், சின்னது வேணாம். பெருசாவே சொல்லுங்க."

"ஏன் உம்மா? ஒரு ஆளுக்குச் சின்னதே போதுமே."

"பெருசு வந்தா அந்தச் சுவர உடைக்கத்தானே வேணும்?"

கையிலிருந்த டேப்பைக் கட்டில் ஓரத்தில் வைத்தேன்.

"ஹனீபாட மகள் ஓதுற சத்தம் தினமும் கேக்குது. எம்புட்டு வளந்திருக்காளோ. றோட்டால சுத்திப் போக என்ட கால் விடுதா? இவன் கூட்டிட்டுப் போக மாட்டான், அவன் இங்க கால் வைக்க மாட்டான். ஒரு நாளைக்குத் தொறந்தாலும் போதும் மகன். நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க."

நஸீர் வந்ததும் சொன்னேன், பெரிய டப்தான் சரி, சுவரை ஒரு நாள் திறக்க வேண்டும் என்று. மனுசன் கொதித்துவிட்டார்.

"அவன்கிட்டப் போய் நிக்கவா? விடுங்க பாஸ். காத்தடிக்கிற டப் இருக்கு. மடிச்சுக் கொண்டு வந்துறலாம்."

உம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

3. சந்தூக்

டப் பெட்டி வந்து சேர்ந்த கிழமையே உம்மா மவுத்தாகிவிட்டார். நானும் அடக்கத்துக்குப் போனேன். குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி எல்லாம் முடிந்த பிறகுதான், ஜனாஸாவை வைத்துத் தூக்கும் சந்தூக் அந்த நடையில் திரும்பாது என்று தெரிந்தது. சரித்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள். கையிலேயே தூக்கி வந்துவிடலாம் என்றார் ஒருவர்.

"என்ட உம்மாவ மடிச்சா கொண்டு போறது?" என்று நடைவாசலில் நின்ற ஹனீபா கத்தினார்.

நஸீர் போய் சுவரை இடிக்க அலவாங்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். சுவருக்குள் பைப் ஓடுகிறது, நான் ஓடிப்போய் மெயின் வால்வை மூடினேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். இவர் இந்தப் பக்கம் இடித்தார், ஹனீபா தன் வீட்டுக்குள் போய் அந்தப் பக்கம் இடித்தார். உம்மா பெரிய வாசலால் போனார்.

4. அடைப்பு

உம்மா பேரில் கத்தம் ஓதி முடிந்த பிறகு அண்ணன் தம்பி இருவரும் ஒரே த்ரீவீலரில் என்னிடம் வந்தார்கள். அடடா, ராசியாகிவிட்டார்கள் என்று சந்தோசப்பட்டேன்.

"அந்தச் சுவர இருந்த மாதிரியே அடைக்கணும் பாஸ்" என்றார் நஸீர்.

"ஒரு கதவாவது வைப்பமா?"

"யாருக்குக் கதவு?" என்றார் ஹனீபா. "உம்மாவே இல்லையே."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. உம்மா எதற்காகப் பெரிய டப் கேட்டார் என்பதை அப்படியே போட்டு உடைத்தேன். நஸீர் படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஹனீபாவும் அழுதார். நான் பைப்காரன், சுவர் வேலை செய்ய மாட்டேன் என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த கிழமை அந்தப் பக்கம் போனபோது வேறு மேசன் பாஸ் ஒருவர் சுவரை எழுப்பிப் பூசியும் முடித்திருந்தார். பூச்சு இன்னும் காயவில்லை.

தொழிலுக்கு வரும் தம்பிமாரே, வயதானவர்கள் தேவைக்கு மேல் பெரிதாக ஏதாவது கேட்டால் ஏன் என்று கேளுங்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்காதீர்கள். அவர்கள் காதில் விழும்படி கேளுங்கள்.