வாளியின் கைப்பிடி

கொட்டகலைக் கடைவீதியில் ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். அடையாள அட்டைப் படத்திலிருந்து இறந்தவரின் முகத்தை வெட்டி எடுத்து, கோட்டும் டையும் மாட்டிச் சட்டம் போட்டுக் கொடுப்பதுதான் எனக்கு அதிகம் வரும் வேலை. ஆயுளில் ஒரு நாளும் கோட்டுப் போடாதவர்களுக்கு நான் போட்டுவிட்டிருக்கிறேன். யாரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை. கோட்டு இல்லாமல் கொடுத்தால்தான் சண்டைக்கு வருவார்கள். நடுநடுவே கொழும்புச் செய்தித்தளம் ஒன்றுக்கும் படம் அனுப்புவேன். அங்கே கோட்டு மாட்டும் வேலை கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் போன மழைக்காலத்தில் செய்தேன்.

பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா என்னைக் கூப்பிட்டிருந்தார். லயத்து வரிசை வீட்டில் அவருடைய ஒற்றை அறைக் காம்பராவின் கூரைத் தகரம் இற்றுப்போய், மழை நேராகக் கட்டிலில் விழுந்தது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அலுத்தவர், படம் வெளியே வந்தாலாவது அசைவார்களா என்று பார்த்தார். கட்டில்மேல் வாளி, பக்கத்தில் அவர். எடுத்து முடித்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஜாக்கெட்டு தோள்ல கிழிஞ்சிருக்கு தங்கச்சி. அத மட்டும் மறைச்சிரு."

மறைத்தேன். இப்போதைய போனில் அதற்குத் திறமை எதுவும் வேண்டாம். விரலால் தேய்த்தால் இல்லாத துணியை அதுவே நெய்து கொடுக்கிறது. ஸ்டூடியோ பழக்கத்தில் கை சும்மா இருக்கவில்லை, பின்னால் கொடியில் தொங்கிய பாவாடையையும் தேய்த்தேன். அதோடு வாளியின் கைப்பிடியும் பாதி காணாமல் போனதை நான் கவனிக்கவில்லை.

தோட்ட நிர்வாகம் கவனித்தது. படம் செய்தித்தளத்தில் வந்த மறுநாளே, அது செயற்கை நுண்ணறிவு செய்த படம், கூரையில் ஓட்டையே இல்லை என்று அறிக்கை விட்டார்கள். கைப்பிடியைச் சுற்றி வட்டம் போட்ட படம் எல்லாருடைய போனுக்கும் வந்தது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில், தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு எல்லார் முன்னாலும் அக்காவைப் பார்த்து, கம்ப்யூட்டர் மழையில் நனைந்தவர் வந்துவிட்டார் என்று கேலி செய்தாராம். கூரை மாற்றும் பட்டியலிலிருந்தும் அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். ஓட்டை உண்மை, மழை உண்மை, பொய் என் விரல் பட்ட இடத்தில் மட்டும்தான் இருந்தது.

செய்தித்தள ஆசிரியர் போனில் நெறிமுறை ஓதினார். ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாதாம். சரிதான். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் அவர்களே தேயிலைக் கட்டுரைக்கு இயந்திரம் வரைந்த படத்தைப் போட்டிருந்தார்கள். பல் தெரியச் சிரிக்கும் பெண், காலில் ஒரு அட்டை கடித்த தழும்பு இல்லை, கையில் ஆறு விரல். அதற்கு வட்டம் போட யாருக்கும் தோன்றவில்லை. படத்தை நீக்கிவிடுகிறோம், நீங்களும் பேசாமல் இருங்கள் என்றார். முடியாது என்றேன். படத்தை நீக்கினால் ஓட்டையே இல்லை என்றாகிவிடும். தப்பு என்னுடையது, அதை நானே எழுதித் தருகிறேன், தொடாத படத்தையும் பக்கத்தில் போடுங்கள் என்று அடம்பிடித்தேன்.

ஆனால் தொடாத படத்தில் கிழிசல் தெரியும். அதற்கு அக்கா சம்மதிக்க வேண்டும். வெட்கத்தோடு போய் நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன், நன்றாகவே திட்டினார். பிறகு போனை வாங்கி, தன் தோளை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"போடு. கிழிசல நான் தச்சுக்குவேன். கூரைக்குத்தான் அவங்க பதில் சொல்லணும்."

இரண்டு படங்களும் வந்தன. அப்போதும் பாதிப் பேர் நம்பவில்லை. ஒரு தடவை தேய்த்தவள் மறு தடவை தேய்க்கமாட்டாளா என்று கேட்டார்கள். கேட்கட்டும், அந்தக் கேள்வியை நானேதான் வாங்கிக்கொண்டேன். அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டேன்.

அடுத்த மழையன்று நிர்வாகம் அனுப்பிக் கண்டாக்கு விசாரிக்க வந்தார். நானும் கேமராவோடு போயிருந்தேன். அவர் குடையை மடக்காமல் வாசலிலேயே நின்று, எங்கே ஒழுகுகிறது என்றார். அக்கா கட்டில்மேல் இருந்த வாளியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார்.

"இங்க உக்காருங்க ஐயா. பொய் மழைதான, நனைய மாட்டீங்க."

அவர் உட்காரவில்லை. நான் படம் எடுத்தேன்.